சொல் ஒன்றுக்கு

மூன்றாம் மட்டத்தின் கூரையில்
ஓர் இலை இருந்தது.
உள்ளங்கை அகலம், நரம்பு முழுசாக,
கரியில் அழுந்திய இலை.
விளக்கைத் தூக்கிப் பார்த்து எய்லிஃப் சொன்னான்:
"இந்தத் தீவில் நான் கண்ட ஒரே மரம்."
கணுக்காலுக்கு மேல் எதுவும் முளைக்காத தீவு.

ஸ்கார்விக்.
ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையில்
நாற்பத்தோரு வீடு, ஒரு சமையற்கூடம்,
பன்றிகளுக்குத் தனிக் கொட்டகை,
மலையிலிருந்து துறைக்குக் கம்பிவடத்தில்
ஊசலாடி இறங்கும் கரித்தொட்டிகள்.
அக்டோபரில் கடைசிக் கப்பல்.
பிறகு மே வரை உறைகடல்.
நவம்பரிலிருந்து சூரியனும் கிடையாது,
ஆகவே உள்ளே போகிறவனுக்கும்
வெளியே வருகிறவனுக்கும்
ஒரே இருட்டு.

இரண்டு குளிர்காலத்துக்குக் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள்.
படகுக்கடன். அப்பன் வைத்த கடன்.
ஒருவன் மட்டும், சும்மா, பார்க்கலாம் என்று.

புதைப்பதில் அங்கே ஒரு சங்கடம்:
உறைந்த நிலம் ஆண்டுக்கு ஒரு விரற்கடை
பெட்டியை மேலே தள்ளும்.
முதல் சுரங்கத்தில் பதினேழாம் ஆண்டு மாண்ட ஆறு பேர்
கல்லை நகர்த்திச் சற்றே எட்டிப் பார்க்கிறார்கள்.

ஜனவரி பதினொன்று, ஐம்பத்து மூன்று.
இரவு வேலைக்குப் பதினான்கு பேர்.
வாயிற்பலகையில் ஆளுக்கொரு பித்தளை வில்லை மாட்டிவிட்டுப் போனார்கள்.
திரும்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.
நாலு மணிக்கு மலை ஒருமுறை இருமியது.
தூசிதான்.
சட்டையில் படிந்தால் அழுக்கு,
காற்றில் நின்றால் வெடிமருந்து.
ஒன்பது பேர் தவழ்ந்து வந்தார்கள்.
ஐந்து வில்லை ஆணியிலேயே இருந்தது.

தீ கரிப்படுகைக்குள் ஏறிவிட்டது.
மூச்சை அடைத்தால்தான் அது சாகும்.
மேலாளர் க்ரோக்
மூன்று மணி நேரம் வாயிலில் நின்றார்.
பிறகு செங்கல் கொண்டுவரச் சொன்னார்.

தந்தி நிலையத்தில் ஹால்டிஸ்.
சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம், கம்பெனிக் கணக்கு.
அவர் எழுதித் தந்த தாளில்
'மூன்று மணி நேரம் காத்திருந்தோம்' என்றிருந்தது.
அவரே அதை அடித்தார்.
சிக்கனமா, வேறெதுவுமா,
அவள் கேட்கவில்லை.
ஐந்து வீட்டுக்கும் ஒரே வாசகம்,
பெயர் மட்டும் மாற்றித் தட்டினாள்.

பதில் நான்கு வந்தது.
ஸென்யாவிலிருந்து எய்லிஃபின் மனைவி ராக்னா:
கடிகாரம் அனுப்பவும்.
அவ்வளவுதான், இரண்டு சொல்.
தூசி பிடிக்கும் என்று அவன் அதை
உள்ளே கொண்டுபோவதில்லை,
தலையணைக்கு அடியில் கிடந்தது.
கப்பலுக்கு இன்னும் நாலு மாதம்.
ஹால்டிஸ் தன் மேசையில் வைத்து
தினம் காலையில் சாவி கொடுத்தாள்.
நின்றுபோன ஒன்றை
ஒருத்திக்கு எப்படி அனுப்புவது.

பிப்ரவரியில் அர்ன்ஃபின் வந்தான்.
சுவர் எழுப்பிய நால்வரில் ஒருவன்.
தொப்பியைக் கழற்றவில்லை, தாளும் கேட்கவில்லை.
மேசை விளிம்பில் விரல்மூட்டால் தட்டிக் காட்டினான்:
மூன்று குறில், ஒரு நெடில்.
சற்று விட்டு
இரண்டு குறில்.

"கடைசி வரிசை வைக்கும்போது
காற்றுக்குழாயில் கேட்டது.
இரும்பு குளிர்ந்து சுருங்குகிறது என்றார் க்ரோக்.
உனக்கு இந்தப் பாஷை தெரியுமே.
இது எழுத்தா?"

அவர்கள் மொழியில் அது முழுச் சொல்.
இரண்டே எழுத்து.
நாங்கள்.

"இரும்புக்கு ஏது எழுத்து," என்றாள் ஹால்டிஸ்.
அவன் அசையவில்லை.
வெகுநேரம் கழித்து,
"யாருடைய கடிகாரம்?" என்று மட்டும் கேட்டான்.
அவள் சொன்னாள்.
போய்விட்டான்.

என் மொழியில் கரி என்றால்
சாட்சி என்றும் பொருள்.
பழைய வழக்கு, இப்போது யாரும் சொல்வதில்லை.

அறுபத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள்.
வீடுகளில் கடற்பறவைகள்.
சமீபத்துக் கோடைகளில் உறைநிலம் இளகி
சுவரில் ஒரு விரிசல் விட்டிருக்கிறதாம்,
கை நுழையாது,
வெதுவெதுப்பாகக் காற்று வருமாம்.

இலை அந்தப் பக்கம் இருக்கிறது.